டயாலிஸிஸில் ரத்த அழுத்தம் சரிதல்: முன்னறிவும் அதன் பயனும்

சிறுநீரகங்கள் முற்றிலும் செயலற்றுப் போனவர்கள் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று தடவை டயாலிஸிஸ் யந்திரத்தின் பக்கத்தில் நான்கு மணி நேரம் கிடந்து, தமது ரத்தத்தைச் சுத்தி செய்துகொண்டு உயிர் வாழ்கிறார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் அந்த நான்கு மணி நேரத்திற்குள் அடிக்கடி நேரும் ஓர் இடையூறு வெளியுலகத்தாரின் கவனத்திற்கு அதிகமாக வந்ததில்லை. அதுவரையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி மூன்றாவது மணியில் கொட்டாவி விடத் தொடங்குகிறார். முகம் வெளுக்கிறது, நெற்றி வேர்க்கிறது, குமட்டல் உண்டாகிறது, கெண்டைக்காலில் தசை முறுக்கிக்கொள்கிறது. நர்ஸ் வந்து பார்க்குங்கால், 140 ஆக இருந்த ரத்த அழுத்தம் 80க்கு இறங்கியிருக்கிறது. உடனே கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, நீர் பிரிப்பதை நிறுத்தி, 100 அல்லது 200 மில்லி லிட்டர் உப்பு நீரை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். பெரும்பாலோர் சில நிமிஷங்களில் தெளிந்துவிடுகிறார்கள். சிலர் தெளிவதில்லை.

மேல் அழுத்தம் 90க்குக் கீழ் இறங்குவதையே சரிவு என்று கொண்டால், ஏறக்குறைய பத்து சிகிச்சைக்கு ஒன்றில் இது நிகழ்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு அடிக்கடி நேர்வதை விபத்தென்று சொல்லிக் கைகழுவிவிட முடியாது. இதை முன்கூட்டியே அறிவிக்கும் ஆற்றல் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டதென்று இப்போது பல தேசத்து வைத்திய நிபுணர்கள் எழுதுகிறார்கள். அச்செய்தியை ஒரு விந்தையாகப் பாராட்டுவோர் பலர். நாம் அதை ஒரு சாக்ஷியைப் போலக் கூண்டிலேற்றி விசாரிக்க விரும்புகிறோம். சாக்ஷி சொல்வது மெய்தானா? மெய்யென்றே கொண்டால், அதைக் கேட்டபின் செய்யவேண்டியதைச் செய்வதற்கு நம்மிடம் ஆளும் நேரமும் இருக்கின்றனவா?

முதலில் சரிவு ஏன் உண்டாகிறதென்று பார்ப்போம். சிறுநீர் கழியாதவனுடைய உடம்பில், அவன் குடித்த நீரும் உண்ட உணவிலிருந்த நீரும் அப்படியே தங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு லிட்டர் சேர்ந்துவிடும். யந்திரம் அதை நான்கு மணி நேரத்தில் வெளியேற்ற வேண்டும். ஆனால் யந்திரத்திற்கு எட்டுவது ரத்தக் குழாய்களுக்குள் ஓடும் ரத்தம் மட்டுமே. சராசரி மனிதனின் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். மிகுதி நீர் தசைகளிலும் தோலடியிலும் பரவிக் கிடக்கிறது. ஆகவே ரத்தத்திலிருந்து நீர் போகப்போக, தசையிலிருந்து நீர் கசிந்து ரத்தத்திற்கு வந்து சேர வேண்டும்.

இதை நமது குடியானவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. கிணற்றில் ஏற்றம் போட்டு இறைத்த காலத்தில், இறைக்க இறைக்க ஊறிற்று. குதிரைசக்தி மிகுந்த பம்பை வைத்து ஊற்றின் வேகத்தை மிஞ்சி இறைத்தால், சுற்றுப்புறத்து மண்ணெல்லாம் ஈரமாயிருக்கும்போதே கிணறு வறண்டு, பம்பு காற்றை இழுக்கும். டயாலிஸிஸில் நடப்பதும் அதுவே. காலில் வீக்கமும் மார்பில் நீரும் இருக்கும். ஆனால் குழாய்களில் ரத்தம் குறைந்து அழுத்தம் வீழும். 'உடம்பில் இவ்வளவு நீர் இருக்கும்போது அழுத்தம் எப்படி இறங்கும்?' என்று நோயாளியின் உறவினர் கேட்கும் கேள்விக்கு விடை இந்த ஊற்றுக் கணக்கில் இருக்கிறது.

ஊற்று ஒன்றுதான் காரணமென்று சொல்லிவிடவும் கூடாது. ரத்தம் குறையும்போது, நல்ல தேகத்தில் நரம்புகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருதயத்தை விரைந்து அடிக்கச் செய்து, அழுத்தத்தை நிலைநிறுத்தும். நீண்ட நாள் நீரிழிவினால் அந்நரம்புகள் பழுதுற்றவர்களுக்கு இந்தக் காவல் இல்லை. நம் தேசத்தில் சிறுநீரகக் கேட்டிற்கு முதன்மையான காரணம் நீரிழிவே ஆதலால், இந்தக் குறை நமக்குப் புறம்பான விஷயமன்று. சிகிச்சையின் நடுவில் வயிறார உண்டால் ரத்தம் குடலுக்குத் திரும்பி அழுத்தம் இறங்கும். அன்று காலையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை விழுங்கி வந்தவருக்கும் இறங்கும். யந்திரத்தில் ஓடும் திரவம் வெதுவெதுப்பு மிகுந்திருந்தால் தோலின் குழாய்கள் விரிந்து இறங்கும். இருதயம் பலவீனமானவருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சில சமயம் சிகிச்சையே குற்றவாளியாயிருந்ததுமுண்டு. 1960களின் நடுவிலிருந்து ஏறக்குறைய இருபது வருஷ காலம், யந்திரத் திரவத்தில் ரத்தத்தின் இயற்கையான பைகார்பனேட்டுக்குப் பதிலாக அஸிடேட் என்ற உப்பைச் சேர்த்து வந்தார்கள். கலப்பதற்கு எளிது, கெடாது என்பதே காரணம். அது ரத்தக் குழாய்களை விரியச் செய்து அழுத்தத்தைத் தாழ்த்தும் இயல்புடையது. எத்தனையோ நோயாளிகள் 'டயாலிஸிஸ் என்றால் இப்படித்தான் மயக்கம் வரும்' என்று சகித்திருந்தார்கள். 1980களில் பைகார்பனேட்டுக்குத் திரும்பிய பிறகு அந்தத் துன்பத்தில் ஒரு பகுதி குறைந்தது. நோயின் இயல்பென்று நாம் பொறுத்துக்கொள்வது சில வேளை நமது சௌகரியத்தின் விளைவாயிருக்கும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

இந்த யந்திரத்தின் பூர்வ சரித்திரத்தில் அரசியல் ஊழியர்களுக்கு ருசிக்கக்கூடிய ஒரு சம்பவமுண்டு. வழி தவறி அதையும் சொல்லிவிடுகிறோம். 1943ல், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்து தேசத்தில், காம்பென் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில், வில்லெம் கோல்ஃப் என்ற இளம் வைத்தியர் மாமிச உறையாகப் பயன்படும் செல்லோபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையில் சுற்றி இதன் முதல் வடிவத்தை அமைத்தார். நாஜிக் கட்சிக்காரர் ஒருவரைத் தலைவராக நியமித்ததனால் தமது பழைய சர்வகலாசாலையை விட்டு வெளியேறி அவ்வூருக்கு வந்தவர் அவர். அவருடைய முதல் நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் மாண்டனர். 1945ல் பிழைத்தெழுந்த 67 வயது மூதாட்டியோ, ஜெர்மானியருக்கு உடந்தையாயிருந்ததற்காக விடுதலைக்குப்பின் காவலில் வைக்கப்பட்டிருந்தவர். கோல்ஃப் தயங்காமல் சிகிச்சை செய்தார்.

நிற்க. அழுத்தம் சரிவதனால் வரும் கேடு அந்த நேரத்து மயக்கத்தோடு முடிவதில்லை. இங்கிலாந்தில் டெர்பி நகரத்து வைத்தியர்கள் 70 நோயாளிகளின் இருதயத்தை டயாலிஸிஸ் நடக்கும்போதே பரிசோதித்து, 2009ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 45 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 64 பேருக்கு, சிகிச்சையின்போது இருதயச் சுவரின் சில பாகங்கள் ரத்தம் போதாமல் தற்காலிகமாக ஸ்தம்பித்தன. நீர் பிரிக்கும் அளவு மிகுந்தவர்களுக்கும் அழுத்தம் சரிந்தவர்களுக்கும் அது அதிகமாக நேர்ந்தது. வாரம் மூன்று தடவை, வருஷம் நூற்றைம்பது தடவை இவ்வாறு ஸ்தம்பிக்கும் தசை நாளடைவில் மீளாமலே போய்விடுகிறது. மூளைக்கும் குடலுக்கும் அதே கதி. கையில் ரத்தம் எடுப்பதற்கென்று அமைத்த ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து, நோயாளியின் ஜீவநாடியே அடைபட்டுப் போவதுமுண்டு. மேலும், சரிவு வந்ததும் நீர் பிரிப்பதை நிறுத்திவிடுவதால், எடுக்கவேண்டிய நீர் உடம்பிலேயே தங்குகிறது. அடுத்த தடவை இன்னும் அதிகமாக, இன்னும் வேகமாக எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது மறுபடியும் சரிகிறது. கடன்காரனுக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

இனி முன்னறிவின் விஷயத்திற்கு வருவோம். கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே இவ்விஷயத்தில் முன்னறிவோர் இருந்தார்கள். பல வருஷம் டயாலிஸிஸ் வார்டில் உழைத்த நர்ஸ், வாசற்படியில் நோயாளி நடந்து வருவதைப் பார்த்தே, இன்றைக்கு இவரைக் கவனிக்க வேண்டுமென்று சொல்வார். சென்ற வாரம் சரிந்தவர் இந்த வாரமும் சரியக்கூடும் என்பது அவருடைய சூத்திரங்களில் முதலாவது. வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர்கள் லக்ஷக்கணக்கான பதிவுகளைத் துழாவிக் கண்டுபிடித்த அடையாளங்களிலும் இதுவே முன்வரிசையில் நிற்கிறது.

இத்துறையில் வெளிவந்த ஆராய்ச்சிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று தென் கொரியாவின் தலைநகரான ஸியோலில் நடந்து 2021ல் வெளியாயிற்று. இரண்டு லக்ஷத்து அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட டயாலிஸிஸ் பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கற்பித்து, ஒவ்வொரு கணத்திலும் 'அடுத்த ஒரு மணி நேரத்திற்குள் இவருக்கு அழுத்தம் இறங்குமா?' என்று கேட்டார்கள். 90க்குக் கீழ் இறங்குவதைப் பொறுத்தமட்டில் அது பெற்ற மதிப்பு 0.94. இதைக் கேட்டவுடன், நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு எச்சரிக்கைகள் பலிக்கும் என்று அர்த்தம் செய்துகொள்வது இயல்பு. அது பிழை. பின்னர் சரிந்த ஒருவரையும் சரியாத ஒருவரையும் கம்ப்யூட்டரின் முன் நிறுத்தினால், இருவரில் எவருக்கு அபாயம் அதிகம் என்பதை நூற்றுக்கு 94 தடவை அது சரியாகச் சுட்டும் என்பதே அந்த எண்ணின் பொருள்.

இவ்விரண்டிற்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கால் காட்டுவோம். இது விளக்கத்திற்காக நாம் போடும் கணக்கேயன்றி எந்த ஆஸ்பத்திரியின் புள்ளி விவரமுமன்று. நூறு சிகிச்சைகளில் பத்தில் அழுத்தம் சரிவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கருவி அந்தப் பத்தில் எட்டை முன்னறிவிக்கிறது. சரியாத தொண்ணூறில் பதினெட்டுக்குத் தவறாக மணி அடிக்கிறது. தரக்குறைவான கருவி என்று எவரும் சொல்ல மாட்டார். ஆயினும் மணி அடித்தது மொத்தம் இருபத்தாறு தடவை, பலித்தது எட்டு. மூன்று எச்சரிக்கையில் ஒன்றுகூட முழுமையாகத் தேறவில்லை. பத்துப் படுக்கைகளுக்கு இரண்டு பேர் ஓடியாடும் வார்டில், பொய் மணிக்கு நாலு தடவை ஓடியவர் ஐந்தாம் தடவை மெதுவாகத்தான் நடப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

குறுக்கு விசாரணையில் இன்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அழுத்தம் ஏற்கெனவே 95ல் இருப்பவருக்கு 90க்குக் கீழ் இறங்குமென்று சொல்வதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டுமா? நமக்குப் பிரயோஜனமுள்ள முன்னறிவு 140ல் இருப்பவர் ஒரு மணியில் 85க்கு வருவார் என்பதே. அதே ஸியோல் ஆராய்ச்சியிலும், ஆரம்ப அழுத்தத்திலிருந்து இவ்வளவு புள்ளி குறைவது என்ற வேறு இலக்கணத்தை வைத்துச் சோதித்தபோது கம்ப்யூட்டரின் திறமை 0.94க்குத் தாழ்ந்தே இருந்தது. இரண்டாவது கேள்வி இதைவிட நுட்பமானது. எச்சரிக்கையைக் கேட்ட நர்ஸ் நீர் பிரிக்கும் வேகத்தைக் குறைத்து, சரிவைத் தடுத்துவிட்டால், பதிவேட்டில் அது பொய் எச்சரிக்கையாகவே ஏறும். கம்ப்யூட்டர் கற்ற பழைய பதிவுகளிலும், கைதேர்ந்த நர்ஸுகள் தடுத்துவிட்ட சரிவுகள் 'சரியாதவை' என்றே எழுதப்பட்டிருக்கும். திருடு போகாத வீட்டுக்குக் காவற்காரன் அநாவசியம் என்று வாதிக்கும் வக்கீலின் சாமர்த்தியத்தை இது நினைவூட்டுகிறது.

முன்னறிவு வேறு, நன்மை வேறு என்பதை மேனாட்டார் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். ரத்தத்தின் அளவு குறைவதை டயாலிஸிஸின்போதே இடைவிடாமல் அளந்து காட்டும் ஒரு கருவியை அமெரிக்காவில் 443 நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். கிணற்றின் நீர்மட்டத்தையே கண்ணால் பார்ப்பது போன்ற ஏற்பாடு. நன்மை நிச்சயமென்றே எவரும் எண்ணுவர். 2005ல் முடிவு வெளிவந்தது. கருவி பொருத்தப்பட்டவர்களே அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அவர்களிலேயே மரணமும் அதிகம். அதுபோலவே, யந்திரத் திரவத்தைச் சற்றுக் குளிரச் செய்தால் அழுத்தம் நிலைக்கும் என்று சிறு ஆராய்ச்சிகள் பல சொல்லிவந்தன. கானடாவின் ஒண்டேரியோ மாகாணத்தில் 84 டயாலிஸிஸ் நிலையங்களில் 15,413 நோயாளிகளை உட்படுத்தி இதைச் சோதித்தார்கள். 2022ல் வெளியான முடிவின்படி, இருதய நோயால் வரும் மரணமோ ஆஸ்பத்திரி வாசமோ குறையவில்லை; அழுத்தம் இறங்கும் அளவிலும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை; நோயாளிகளுக்குக் குளிர் நடுக்கம் மட்டும் மிகுந்தது. குளிர்ந்த திரவம் எவருக்குமே உதவாதென்று இதிலிருந்து நாம் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் விதியாக வைப்பது உதவவில்லை என்பதே தீர்ப்பு.

அப்படியானால் எது உதவும்? இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. ஊற்றின் வேகத்திற்கு அடங்கி இறைப்பதே பெரும்பகுதி பரிகாரம். அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளைக்கொண்டு 2011ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, உடல் எடை கிலோ ஒன்றுக்கு மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் நீர் பிரிக்கப்பட்டவர்களில், 10க்குக் குறைவாகப் பிரிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் மரணம் மிகுதி என்று காட்டிற்று. சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென்று சட்டத்திலும் கொள்வதில்லை, சாஸ்திரத்திலும் கொள்வதில்லை. ஆயினும் இருதயம் ஸ்தம்பிப்பதைக் காட்டிய டெர்பி சோதனையோடு இதைச் சேர்த்துப் படிக்கும்போது சந்தேகம் பலமாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த வரம்பின்படி மணிக்கு 780 மில்லி லிட்டர். நான்கு மணிக்கு 3,120. அவர் நான்கு லிட்டர் சுமந்து வந்திருந்தால், ஐந்து மணி எட்டு நிமிஷம் யந்திரத்தில் இருக்க வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். நாலாம் வகுப்புப் பையன் சிலேட்டில் போடக்கூடிய கணக்கு.

அந்த ஒரு மணி எட்டு நிமிஷத்தைத் தருவார் யார்? அடுத்த முறைக்காரர் வாசலில் காத்திருக்கிறார். ஒரே படுக்கையில் நாள் ஒன்றுக்கு மூன்று பேர் முறை வைத்துப் படுக்கிறார்கள். பணம் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுமிடத்தில், நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் கூலி ஒன்றுதான். நம் தேசத்தில் பண முடையாலும் பிரயாணத் தொல்லையாலும் வாரம் இரண்டே தடவை வருவோர் அநேகர். சிறிதளவேனும் சிறுநீர் கழிக்கக் கூடியவர்களுக்கு அது ஒருவாறு போதலாம். மற்றவர்கள் மூன்று நான்கு நாள் நீரை ஒரே அமர்வில் இழக்க வேண்டியவர்களாகிறார்கள். முன்னறிவிக்கும் யந்திரம் இவர்களுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

நோயாளி அதிகமாகக் குடித்துவிட்டு வருகிறார் என்று கடிந்துகொள்வது எங்கும் வழக்கமாயிருக்கிறது. அவர் குடிப்பது தாகத்தினால், தாகம் உப்பினால். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பலகாரம் இவற்றை நிறுத்தச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் அளந்து குடிக்கச் சொல்வது கொடுமை. யந்திரத் திரவத்தில் உப்பைக் கூட்டி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் தந்திரமும் நோயாளியை வீட்டில் தாகத்தால் வாட்டி, அடுத்த தடவை இன்னும் கனத்து வரச் செய்கிறது.

கம்ப்யூட்டர் முன்னறிவை நாம் வேண்டாமென்று தள்ளவில்லை. கண்ணுள்ள நர்ஸ் பத்துப் பேரில் இருவரையே ஒரே சமயத்தில் பார்க்க முடியும்; எந்த இருவரைப் பார்ப்பதென்று சொல்லும் துணை அவருக்குத் தேவைதான். ஆனால் ஸியோலில் கற்ற பாடம் சேலத்தில் செல்லுமா என்பதை சேலத்துப் பதிவுகளைக்கொண்டே சோதிக்க வேண்டும். அங்கே யந்திரங்களின் எண்கள் தாமாகவே பதிவாகின்றன. இங்கே பல நிலையங்களில் அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு தடவை கையால் காகிதத்தில் எழுதுகிறார்கள். அங்குள்ளவர் வாரம் மூன்று தடவை வருபவர். இங்குள்ளவர் அநேகமாக இரண்டு. நம் நோயாளிகளின் பதிவுகளை வாங்கிச் சென்று செய்த கருவியை நமக்கே விலைக்கு விற்க எவரேனும் வருவாராயின், முதலில் அப்பதிவுகள் யாருடைய சொத்து என்று கேட்பதும் நமது கடமை.

2016ம் வருஷத்து மத்திய பட்ஜெட்டில் தேசிய டயாலிஸிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் தனியார் கூட்டுறவுடன் நிலையங்கள் ஏற்பட்டன. தமிழ்நாட்டு அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிஸிஸ் அடங்கியிருக்கிறது. ஏழைக்கு எட்டாதிருந்த சிகிச்சை எட்டியதென்ற அளவில் இவை போற்றத்தக்கன. திறப்பு விழாக்களில் நமது ஊழியர்கள் மாலை ஏற்று, எத்தனை யந்திரம் வந்ததென்று பெருமையுடன் பேசுகிறார்கள். யந்திரத்தின் எண்ணிக்கை மேடைக்கு நல்ல பொருள். அதே நிலையத்தில் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை, சென்ற மாதம் எத்தனை சிகிச்சை நடந்தது, எத்தனையில் மேல் அழுத்தம் 90க்குக் கீழ் இறங்கிற்று, எத்தனை சிகிச்சை நான்கு மணிக்கு முன் நிறுத்தப்பட்டது, எத்தனை பேருக்கு மணிக்கு 13 என்ற வரம்பு மீறப்பட்டது என்ற ஐந்து எண்களையும் அவர்கள் கேட்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரி நிர்வாகிகள் சொல்லத் தயங்கினால், 2005ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நோயாளிகளின் பெயரைக் கேட்க வேண்டாம். அது அவர்களுடைய அந்தரங்கம். எண்களை மட்டும் கேட்டு மனு எழுதினால் போதும். கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்குத் தவணை முப்பது நாள்.